மரக்காணத்து வெயிலும் மாரத்தான் ஆயத்தமும்

மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டம் அண்மைக் காலத்தில் நம் நடுத்தர வகுப்பாரிடையே பெற்றிருக்கும் செல்வாக்கைக் காணும்போது, ஒரு தலைமுறைக்கு முன்பு விடியற்காலையில் தெருவில் ஓடுபவரைக் கண்டால் வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று கவலையுற்ற அதே சமூகந்தானா இது என்று வியக்கத் தோன்றுகிறது. தேக நலத்தைக் கருதி மக்கள் ஓடுவது சந்தோஷத்துக்குரிய விஷயம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், மனவுறுதி ஒன்று இருந்துவிட்டால் எவரும் 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிடலாம் என்று மேடைகளிலும் விளம்பரங்களிலும் ஓயாது செய்யப்பட்டுவரும் உபதேசம், கேட்பதற்கு எவ்வளவு உற்சாகம் தருவதாயினும், முதன்முறையாக ஓடப் புகுவோருக்குத் தீங்கு விளைக்கக்கூடியது என்பது என் திடமான அபிப்பிராயம். எலும்பும் தசைநாரும் சங்கற்பத்தைக் கேட்டு வலுப்பெறுவதில்லை. மாதக்கணக்கான பழக்கத்தினாலேயே வலுப்பெறுகின்றன. அந்த மாதங்களை யாரும் புகழ்வதில்லை. அந்த ஒரு நாளைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள்.

இதைப் பற்றி யோசிப்பதற்கு மரக்காணத்தைவிடத் தகுந்த இடம் எனக்குத் தென்படவில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கோடியைக் கடந்து விழுப்புரம் மாவட்டத்துக்குள் புகுந்த சிறிது நேரத்துக்கெல்லாம், வரப்பு கட்டிய பாத்திகளும், அவற்றில் அசைவற்று நிற்கும் உவர்நீரும், மேட்டில் குவித்து வைத்த வெள்ளை அம்பாரங்களுமாக உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஆந்திர நாட்டிலிருந்து கடலை ஒட்டியே தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரோடு முடிகிறது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் உப்பும் விறகும் அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயின. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்றும், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் சோபட்மா என்று குறிக்கும் துறைமுகமும் இதுவே என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சங்க காலத்தில் உமணர் என்று வழங்கப்பெற்ற உப்பு வணிகர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றிக்கொண்டு, மேடும் பள்ளமும் காடும் கடந்து, உள்நாட்டு ஊர்களுக்குக் குடும்பத்தோடு நடந்தார்கள் என்பதும் நாம் அறிந்ததே. நெடுந்தூரம் என்பது இந்தக் கரைக்குப் புதிய சங்கதி அன்று. அந்த நடையின் முடிவில் எவர் கழுத்திலும் பதக்கம் போடப்படவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உப்பு விளைவதைப் பொறுமையோடு கவனித்தவர்களுக்கு முதல் மாரத்தானுக்குரிய ஆயத்தத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதை ஒரே நாளில் பிரித்தெடுத்துவிடலாம் என்று உப்பளத்தில் யாரும் நினைப்பதில்லை. உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, கனம் ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி, அந்நீர் முன்னிருந்த அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே, கடைசிப் பாத்தியின் அடியில் உப்பு உறையத் தொடங்குகிறது. அதற்கு முன் எத்தனை தடவை பலகை கொண்டு வாரினாலும் கையில் அகப்படுவது சேறுதான். இடையில் ஒரு நாள் மழை பெய்தால் பல நாளையப் பாடு கரைந்துபோகும். அப்பொழுது உப்பளக்காரர் தம் மனவுறுதியைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை, மீண்டும் முதற்பாத்தியிலிருந்து தொடங்குகிறார். ஓடுபவரின் சரீரத்திலும் இத்தகைய கிரமம் ஒன்று உண்டு. மூச்சும் இருதயமும் சில வாரப் பழக்கத்திலேயே தேர்ச்சியடைந்துவிடுகின்றன. தசைநார்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் இணங்குவதில்லை, அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். இந்த வேற்றுமையை அறியாமையால்தான், மூச்சு வாங்குவது குறைந்துவிட்ட இரண்டாவது மாதத்தில், இனி நமக்கு என்ன குறை என்று தூரத்தைத் திடீரென்று கூட்டி, முழங்காலையோ கணைக்காலெலும்பையோ நோகச் செய்துகொண்டு, பந்தய நாளன்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இத்தனை பேர்.

மரக்காணத்திலிருந்து தெற்கே, ஒரு நெடிய பயிற்சி ஓட்டத்தின் தூரத்திலேயே, ஆரோவில் இருக்கிறது. அங்கே 2008-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நடத்தப்பட்டுவரும் மாரத்தான், நம் நாட்டில் நடக்கும் இவ்வகை ஓட்டங்களிடையே ஒரு தனி ஸ்வபாவம் உடையது. செம்மண் பாதைகளில், நட்டு வளர்த்த காட்டின் நிழலில் ஓடுகிறார்கள், முதலாவதாக வந்தவர் யார் என்று அறிவிப்பதில்லை, பரிசு இல்லை, எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று கணக்கெடுத்துச் சான்று தருவதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்வோரை நான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை ஓடுபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம். தம்மைப் பார்க்கிலும் இளையவர் தம்மைக் கடந்து போகும்போது எழும் ரோஷமே முதல் பத்து கிலோமீட்டரில் அனேகரைக் கெடுக்கிறது. கணக்கே எடுக்காத இடத்தில் அந்த ரோஷத்துக்கு வேலை குறைவு. சென்னையிலோ 2012 முதல் நடந்துவரும் பெரிய மாரத்தான் உண்டு, இப்போது அது ஜனவரியில் வருகிறது, ஆயிரக்கணக்கானோர் திரளுகிறார்கள், கூட்டத்தின் ஆரவாரமே காலைத் தூக்கிவிடும். இரண்டுக்கும் அவரவர்க்குரிய ருசி உண்டு. ஆயினும் என் சிபாரிசு முதல் தடவைக்குச் செம்மண் பாதையே.

எங்கே ஓடினாலும் நம் பக்கத்து ஓட்டங்கள் குளிர்காலத்தில் வருவதால், அவற்றுக்கான ஆயத்தம் முழுவதும் வடகிழக்குப் பருவமழையின் நடுவே நடந்தாக வேண்டியிருக்கிறது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் எழுதிய பயிற்சி அட்டவணைகளை இறக்குமதி செய்துகொள்வோர் கவனிக்க மறப்பது இதைத்தான். அந்த அட்டவணைகள் பதினாறு வாரம் என்றும் பதினெட்டு வாரம் என்றும் கணக்கிடுகின்றன. இடையில் ஐப்பசியும் கார்த்திகையும் வருகின்றன என்பதை அவை எப்படி அறியும்? 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையோரப் பகுதியிலேயே கரையேறின. அத்தகைய நாட்களில் உப்பளம் எது, சாலை எது, பக்கத்துக் கழுவெளி ஈரநிலம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எங்கும் நீர் பரவிவிடுகிறது. ஆகையால் நம்மவருடைய கணக்கு பதினாறு வாரமாக இருந்தால் போதாது. மழைக்கும் காய்ச்சலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் இடம் விட்டு, ஆறு மாதமாக இருக்க வேண்டும். ஆவணியில் நடையும் மெல்லோட்டமும் கலந்து தொடங்கி, புரட்டாசியில் பத்து கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடப் பழகி, ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட வேளைகளில் பெற்ற பலத்தை இழந்துவிடாமல் காத்து, மார்கழியின் குளிர்ந்த விடியற்காலைகளில் தூரத்தைக் கூட்டி, பொங்கலை ஒட்டி 30 கிலோமீட்டர் வரையிலான நெடிய ஓட்டம் ஒன்றை முடித்து, அதன்பின் தை மாதம் முழுவதும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவதே இந்தக் கரைக்கு இயல்பான அட்டவணை. விசித்திரம் என்னவென்றால், மழை தொடங்கி உப்புத் தொழில் நின்றுபோகிற மாதங்களே ஓடுபவரின் உழைப்பு மாதங்கள். மழை ஓய்ந்து பாத்திகளை மறுபடி மிதித்துச் சீராக்கி உப்பளத்தார் வேலையைத் தொடங்கும் தருணத்தில் ஓடுபவர் ஓய்வுக்குத் திரும்புகிறார்.

பயிற்சியின் நுட்பங்களை நான் விரிக்கப் போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர ஆசான்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டொன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஓடும் அந்த நெடிய ஓட்டத்தை மிக மெதுவாகவே ஓட வேண்டும். பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். மெதுவாக ஓடுவதற்கு வெட்கப்படுகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்கலாம். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2,500 கலோரி வேண்டும். ஆனால் தசையிலும் ஈரலிலும் சர்க்கரைச் சத்தாகச் சேமித்து வைக்கக்கூடியது ஏறக்குறைய 2,000 கலோரிதான். மீதியை உடற்கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் மெல்லோட்டத்தினால்தான் வரும். ஆரம்பத்திலேயே விரைந்து ஓடுபவர் அந்தச் சேமிப்பை முன்னதாகவே தீர்த்துவிட்டு, 30 அல்லது 32-ஆவது கிலோமீட்டரில், கால் இரண்டும் தமக்குரியவை அல்ல என்பதுபோல் நின்றுவிடுகிறார். அந்த இடத்தில் மனவுறுதியைப் பற்றிப் பேச எவருக்கும் தெம்பு இருப்பதில்லை.

வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற ஸ்பைரிடோன் லூயிஸ், தண்ணீர் கொண்டுசென்று விற்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். அவருடைய ஜீவனமே அவருக்குப் பயிற்சியாக அமைந்தது. செய்தி சொல்லிவிட்டு விழுந்து இறந்த கிரேக்கத் தூதனின் கதையைத்தான் நாம் இந்த ஓட்டத்தின் தொடக்கமாகச் சொல்லி மெய்சிலிர்க்கிறோம். மாரத்தான் போரின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸ் அப்படி ஒரு மரணத்தைக் குறிப்பிடவே இல்லை, பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களே அதைச் சொல்லிவைத்தார்கள். ஓட்டத்தின் முடிவில் இறப்பதை மகிமையாக்கும் கதை ஒன்று இந்த விளையாட்டுக்கு மூலமாகிவிட்டது துரதிருஷ்டமே.

மெய்யாகவே நிகழ்ந்த மரணத்தை நாம் மறந்துவிட்டோம். 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்னும் இளைஞர், வெயில் சுட்டுவிடாமல் காத்துக்கொள்வதற்காகத் தம் மேனியில் மெழுகுப் பண்டம் ஒன்றைப் பூசிக்கொண்டு ஓடினாரென்றும், அதனால் வியர்வை வெளிப்பட வழியின்றிப் போயிற்றென்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 30-ஆவது கிலோமீட்டரில் விழுந்த அவர் மறுநாள் உயிர் நீத்தார். அதே பந்தயத்தில் ஓடிய ஜப்பானியர் கனகுரி ஷிசோ, கப்பலிலும் சைபீரிய ரயிலிலும் நெடுநாள் பிரயாணம் செய்து வந்து களைத்திருந்தவர், வெயில் தாங்காமல் வழியிலிருந்த ஒரு தோட்டத்தில் ஒதுங்கி, அங்கிருந்தவர்கள் கொடுத்ததைக் குடித்து இளைப்பாறி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். அவமானமாகக் கருதப்பட்ட இந்தச் செயலே அவரைக் காப்பாற்றியது. அவர் ஜப்பானிய நெடுந்தூர ஓட்டத்தின் பிதாவாகப் போற்றப்படும் அளவுக்குப் பின்னர் உழைத்தார். 1967-இல் ஸ்வீடன் நாட்டார் அழைத்தபோது, முதிர்ந்த வயதில் அதே நகரத்துக்குச் சென்று, 54 ஆண்டுகளுக்கு முன் விட்ட ஓட்டத்தைச் சிரித்துக்கொண்டே முடித்தார். பாதியில் நின்றுவிடத் தெரிந்தவரின் விவேகத்துக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. நம் ஓட்டங்களில் பாதியில் நின்றவருக்குக் கைதட்டும் வழக்கம் இன்னும் வரவில்லை.

வியர்வையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் உப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதுவும் மரக்காணத்தைச் சொல்லிவிட்டு உப்பைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. கடற்கரைக் காற்று ஈரம் மிகுந்தது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றே நனைந்திருக்கும் இடத்தில் வியர்வை வழிந்து கீழே சொட்டுமேயன்றி ஆவியாவதில்லை, ஆகவே உடல் மேலும் மேலும் வியர்த்து, நீரையும் உப்பையும் வீணாக இழக்கிறது. இதை அறிந்தவர்கள், அறிந்த காரணத்தாலேயே, வேறொரு பிழையில் விழுகிறார்கள். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு நிலையத்திலும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடுகிறார்கள். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். அவர்களில் பலர் ஓடி முடித்தபோது தொடங்கியபோதிருந்ததைவிட எடை கூடியிருந்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடையே அது அதிகமாகக் காணப்பட்டது. அதே பந்தயத்தில் பெண்ணொருவர் அந்நிலை முற்றியதால் உயிரிழந்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவர் யார்? முதல் தடவை ஓடுபவர்தான். தண்ணீர் குறைவதைப் பற்றி எச்சரிக்கும் நாம், தண்ணீர் மிகுவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த பானங்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை. உப்பிட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு, நீராகாரம் இவை நம் வயிற்றுக்குப் பழக்கமானவை; வெயிலில் உழைத்த நம் முன்னோர் வெகு காலமாக அருந்தியவை. வாழைப்பழமும் கடலைமிட்டாயும் ஓட்டத்தின் இடையே சர்க்கரைச் சத்தைத் தரத் தகுதியற்றவை என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். ஆனால் எதையும் பந்தய நாளன்று முதன்முறையாக வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது; மார்கழி மாதத்து நெடிய ஓட்டங்களிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். உப்பு சேர்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் குடம் குடமாகக் குடிப்பதும் பயன் தராது; தாகத்தின் அளவுக்கு மிஞ்சாதிருப்பதே முதல் காப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நாற்பது வயதைக் கடந்தவர்களும் ஆவணியில் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு இருதயத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் கேட்பவர் குறைவு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஓடுபவர் விடியற்காலையில் இந்தச் சாலையில் வரும்போது உப்பளங்களில் அவருக்கு முன்பே எழுந்து வந்தவர்களைக் காண்பார். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் இருட்டிலேயே வந்து, உப்பை வாரி, வடித்து, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டும் ஆண்களும் பெண்களும் அவர்கள். ஒருவர் தம் விருப்பத்தால் வியர்க்கிறார். மற்றவர் கூலிக்காக வியர்க்கிறார். இந்த வேற்றுமையைக் கண்டு வெட்கி ஓட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதைக் காணாதவர்போல் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கடந்து போவது ஓடும் பழக்கத்துக்கு அழகு சேர்ப்பதாகாது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைக்கிறார்கள் என்றும், சிலருடைய சிறுநீரகங்கள் தளர்ந்து வருவதற்கு அறிகுறி காணப்படுகிறது என்றும் தெரிவித்தது. வெயிலில் உழைக்கும் உடலுக்கு நிழலும் நீரும் இடையிடையே ஓய்வும் வேண்டும் என்ற ஞானத்தை மாரத்தான் நடத்துவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எவ்வளவோ பொருள் செலவிட்டுக் கடைப்பிடிக்கிறார்கள். வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் வெயிலில் நிற்பவர்களுக்கு அதே ஏற்பாட்டைச் செய்து தருவதில் நம் அரசுக்கும் உப்பள உரிமையாளர்க்கும் என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. ஓடுபவரோ, அவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: அவர்கள் வெயிலை எதிர்த்துப் போராடுவதில்லை, அதற்கு முன்னே எழுந்துகொள்கிறார்கள்.

காலணியைப் பற்றி இந்நாளில் நடக்கும் விவாதங்கள் அளவுக்கு மிஞ்சியவை. 1960-இல் ரோம் நகரில் எத்தியோப்பியர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக் தங்கம் வென்றார். நம் நாட்டு ஷிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பேர் பெற்றவர்; 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பதினோராவதாக வந்த அவர், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடிய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியாமல் நின்றது. அதற்காக நாமும் செருப்பைக் கழற்றிவிட வேண்டியதில்லை. பாதத்துக்குப் பொருந்துகிற, ஏற்கெனவே சில நூறு கிலோமீட்டர் பழகிய காலணி போதும் என்பதோடு அந்த விவகாரத்தை முடித்துக்கொள்ளலாம்.

வசதியில்லாத ஊரிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர் எழ முடியாது என்பாரும் உண்டு. 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய சாம்பியன் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் பெற்ற லட்சுமணனும், 2016 தெற்காசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற சூர்யாவும் வறண்ட புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தவர்கள். சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் காலில் கடுமையாக அடிபட்டபின், நடுவயதில் ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் இந்த ஒன்றில் அவரைப் பின்பற்றலாம். அவர் ஒரே மூச்சில் அங்கே போய்ச் சேரவில்லை.

பெண்கள் விஷயம் வேறு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று மாரத்தான் 1984-இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை அவர்களுடைய உடல் அதைத் தாங்காது என்று ஆண்கள் தீர்மானித்து வைத்திருந்தார்கள். இன்று அந்தத் தடை இல்லை. இருட்டும் சாலையும்தான் தடை. நம் ஊர்களில் பெண்கள் விடியுமுன் தெருவில் நிற்பதை யாரும் கேள்வி கேட்காத மாதம் மார்கழி ஒன்றே. கோலத்துக்குக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை ஓட்டத்துக்கும், மற்றப் பதினொரு மாதங்களுக்கும் கொடுக்க நாம் இன்னும் மனம் கொள்ளவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஆண்களுக்கே பயமாக இருக்கிறது. சுற்றுலா வாகனங்கள் வார இறுதியில் பறக்கும் வேகத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் அரை கஜ மண்ணில் ஓடுவது தேகாப்பியாசமாகாது, துணிச்சல் வித்தை. அந்தச் சாலையை நான்கு வழியாக விரிவாக்கும் வேலை நடந்துவருகிறது. விரிவாக்கும்போதே, ஊர்ப்புறங்களிலாவது, வாகனம் ஏற முடியாத நடைபாதை ஒன்றை ஒதுக்கினால் ஓடுபவர்க்கு மட்டுமின்றி, உப்பளத்துக்கு நடந்து போகிறவர்களுக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் உபகாரமாயிருக்கும். 2023-இல் அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்து மக்களை நடக்க அழைத்தது நல்ல முயற்சி. அது மாவட்டத் தலைநகரங்களோடு நின்றுவிடாமல் மரக்காணம் போன்ற ஊர்களுக்கும் வர வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட கழுவெளியின் கரையைக் கற்பாவிப் பாதையாக்கிவிட எவருக்கும் எண்ணம் வரக்கூடாது. பூநாரைகள் வந்து இறங்கும் இடத்தில் நம்முடைய ஆரோக்கியத்துக்காக ஒலிபெருக்கி வைப்பது அடாத செயல்.

மாரத்தான் நடத்துவோருக்கு என் வேண்டுகோள் மிகச் சுருக்கமானது. முழு மாரத்தானுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுப்பவரிடம், அரை மாரத்தான் ஒன்றையாவது முடித்ததற்கு அத்தாட்சி கேளுங்கள். கட்டணம் குறைந்தாலும் பரவாயில்லை. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் கரையில் விடியுமுன்பே ஓட்டத்தைத் தொடங்குங்கள். தண்ணீர் நிலையங்களில் உப்பிட்ட மோரையும் வையுங்கள். தாகமில்லாதவரை வற்புறுத்திக் குடிக்க வைக்க வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொல்லிவையுங்கள். பாதியில் நிற்பவரை ஏற்றிவர வண்டியும், அவரைக் கண்டு ஏளனம் செய்யாத மனிதர்களும் இருக்கட்டும்.

ஓட நினைக்கும் வாசகருக்குச் சொல்ல வேண்டியது இதைவிடச் சுருக்கம். வருகிற பிப்ரவரியில் ஆரோவில்லில் ஓட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு மார்கழியில் பிறந்திருந்தால், அந்த ஆண்டு பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். முழு ஓட்டத்துக்கு அடுத்த ஆவணியில் நடக்கத் தொடங்குங்கள்.